எல்கடுவையில் தங்கிவிட்ட சாவி

இலங்கைக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் ஆளாளுக்குக் கடற்கரையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் சிகிரியாப் படம் அனுப்பச் சொன்னார். செத்துப்போன நண்பன் வீட்டிலிருந்து ஒரு சாவியை வாங்கிவரப் போகிறேன் என்று சொன்னால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். எனவே நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், அதைக் கொண்டுவந்து, அதற்குத் துணையாக வேண்டிய மற்றவற்றையும் தேடிச் சேர்த்து, பின்னாளில் புதுப்பித்தும் தருகிற நிரல் ஒன்று இருக்கிறது. பேக்கேஜ் மேனேஜர் என்பார்கள். பெரிய லினக்ஸ்களில் அதைப் பார்த்துக்கொள்ளப் பெரிய கூட்டமே உண்டு. பழைய கணினிகளில் ஓடும் சின்ன லினக்ஸ்கள் சிலவற்றுக்கு நாங்கள் ஒன்று செய்து வைத்திருந்தோம். நாங்கள் என்றால் கோவையில் நான், மாத்தளை மாவட்டத்து எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், யோகன். இருவருக்கும் இதில் காலணா வரும்படி கிடையாது. நேரில் பார்த்துக்கொண்டதும் இல்லை.

அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தவன் யோகன். "ஒருத்தனக் கூப்பிட்டா அவனோட சேந்த சனத்தையெல்லாம் மொத்தமாக் கூட்டியாறவன் கங்காணி தானேண்ணே" என்று எழுதினான். அவன் பாட்டன் கங்காணியிடம் அடி வாங்கியவராம். "இப்ப நாம சொன்னதக் கங்காணி கேப்பான்" என்பது அடுத்த வரி.

பிழைச் செய்திகளையும் அவன்தான் எழுதினான். கணினித் தமிழ் என்றாலே அகராதியைக் கரைத்துக் குடித்த தமிழாக இருக்கும். யோகன் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு மென்பொருளை நீக்கப் போகும்போது, வேறு சில அதைச் சார்ந்திருந்தால் எங்கள் கங்காணி இப்படிக் கேட்கும்: "இத எடுத்தா இத நம்பி இருக்கிறதெல்லாம் விழுந்துரும். எடுக்கவா?" பதில் சொல்லாமல் வெறுமே என்டரைத் தட்டினால், வேணாம் என்று எடுத்துக்கொண்டு விலகிவிடும். ஒரு தமிழாசிரியர் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். அவருடைய பள்ளிக்கூடக் கணினி அறையில் இன்றும் கங்காணிதான் இருக்கிறது.

இனி சாவிக்கு வருகிறேன். நாங்கள் வெளியிடும் ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை இருக்கும். அது சரியாக இருந்தால்தான் கணினி உள்ளே விடும். அந்த முத்திரைக்கும் காலாவதி உண்டு. அதை நீட்டிக்கத் தாய்ச்சாவி வேண்டும். விரல் நகம் அளவுள்ள யூ.எஸ்.பி. சாவி அது. நான்தான் வாங்கிப் பார்சலில் அவனுக்கு அனுப்பினேன். சாவி அவனிடம், அதைத் திறக்கும் எண் என்னிடம். ஒருவனை மட்டும் பிடித்து மிரட்டி யாரும் காரியம் சாதித்துவிடக் கூடாது என்று நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு. நகல் வைக்கக் கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். ஆண்டுக்கு ஒருமுறை அவன் சாவியைச் செருகுவான். நான் கோவையிலிருந்தபடி அவன் கணினிக்குள் நுழைந்து எண்ணைத் தட்டுவேன். அவன் நினைத்தால் நான் தட்டுவதைப் பதிந்துகொள்ளலாம். "நான் தள்ளிப் போய் நிக்கிறேண்ணே" என்று எழுதிவிட்டுப் போய்விடுவான்.

இந்த மாதக் கடைசியில் முத்திரை காலாவதியாகிறது. அதற்குப் பிறகு நாங்கள் எதை அனுப்பினாலும் அந்தக் கணினிகள் உள்ளே விடாது. புதுச் சாவி ஒன்றை அனுப்பலாமே என்றால், பழைய சாவியின் ஒப்பம் இல்லாமல் புதுச் சாவியும் செல்லாது. இந்த ஒருமுறை சோதனையை அணைத்துவிடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லலாம். அது ஊர் முழுக்கத் தண்டோரா போட்டு, இன்றைக்குக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குங்கள் என்று சொல்வது போல.

மழைக்காலத்தில் யோகன் பதில் போடுவதை நிறுத்தினான். புகார் எழுதுகிறவர்கள் நிறுத்தவில்லை. "ஆள் செத்துட்டாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார், கிண்டலாகத்தான். பழைய பார்சல் சீட்டில் இருந்த தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். அவன் தங்கை திலகா எடுத்தாள். எலிக்காய்ச்சல், மாத்தளை ஆஸ்பத்திரி, ஒரு வாரம்கூட இல்லை. அவ்வளவுதான் சொன்னாள். அவனுடைய பொருளெல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள்.

மாத்தளைக்கு வந்த பேருந்தில் முன் இருக்கையில் இரண்டு அம்மாக்கள் சிங்களத்தில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கைப்பேசியை ஆட்டி ஆட்டி ஏதோ முறையிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னவென்று கேட்டேன்.

"போன் எந்நாளும் அப்டேட் கேக்குதாம் சார். அந்தம்மா எந்நாளும் நாளைக்கு, நாளைக்குன்னு அமத்தி விடுறாங்களாம். ஒன்னும் ஆகலியே, பின்ன எதுக்குன்னு கேக்குறாங்க."

வேறொரு நாளாக இருந்தால் எழுந்து போய் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அன்று அந்த அம்மா சொல்வதுதான் சரி என்று தோன்றியது.

மாத்தளையில் ராத்தங்கல். சாப்பாட்டுக் கடையில் தோசைக்குச் சிவக்கச் சிவக்கத் தேங்காய்ச் சம்பல் வைத்தார்கள். சட்னியை அரைக்கச் சொன்னால் பாதியில் விட்டுவிட்டார்களே என்று முதல் வாயில் நினைத்தேன். மூன்றாம் வாயில் மேலும் கேட்டு வாங்கினேன். சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பிளேன்டியோடு தனியாக ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி வந்தது. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் இவ்வளவு பொறுமையாக யாரும் டீ குடிப்பதில்லை. வெளியே வந்தால் த்ரீவீல் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்: "ஸ்பைஸ் கார்டன் பாக்கலியா சார்? எல்லாரும் பாப்பாங்க." துக்க வீட்டுக்குப் போகிறேன் என்றேன். ஒருவர் சட்டென்று தொப்பியைக் கழற்றிவிட்டார். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

மறுநாள் காலை எல்கடுவைப் பேருந்து ஒரு வளைவில் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி, ஒரு மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட்டார். அதுதான் எச்சரிக்கைப் பலகை. கோவையாக இருந்தால் இதற்குள் டிரைவரின் மூன்று தலைமுறையை இழுத்திருப்பார்கள். இங்கே பெண்கள் பாதையோரத்தில் உட்கார்ந்து மாலு பாண் என்கிற பன்னைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒன்று நீட்டப்பட்டது. நான் சைவம். உள்ளே மீன் என்று தெரியாமல் கடித்துவிட்டேன். கொடுத்தவர் முகத்தைப் பார்த்து முழுவதையும் விழுங்கினேன்.

மீதித் தூரம் நடை. தூறல். காலில் அட்டை ஏறியது. கோத்தகிரியில் என்னோடு படித்த சிலோன் குடும்பத்துப் பையன்கள் அட்டையைப் பற்றிச் சொன்னதெல்லாம் அளப்பு என்று நினைத்திருந்தேன். மலை, பனி, பச்சை எல்லாம் நீலகிரியைப் போலத்தான் இருந்தன. நீலகிரியில் யாரையும் தேடிப் போய் இல்லை என்று கேட்டதில்லை, அதுதான் வித்தியாசம்.

திலகா லயத்து வாசலில் நின்றிருந்தாள். ஆறேழு மாதக் கர்ப்பம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "வாங்கண்ணே. அண்ணன் சொல்லி சொல்லி உங்களத் தெரியும்" என்றாள். அவன் அறை பலகை அடைத்த சின்னத் தடுப்பு. சுவரெல்லாம் பூஞ்சணம். கை வைத்த இடமெல்லாம் ஈரம். இங்கேயா உட்கார்ந்து எழுதினாய் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"எழுதறது இங்க. அனுப்பறது மேல தண்ணித் தாங்கிகிட்ட. அங்கதான் சிக்னல் வரும். மழையில குடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. சனம் சிரிக்கும்."

சில சமயம் அவன் வெளியீடு அரை நாள் தாமதமாகும். என்னப்பா தூங்கிட்டியா என்று நான் எழுதுவேன். அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அறையில் சாவி இல்லை. மடிக்கணினியும் இல்லை. ஈரத்தில் கெட்டுவிடும் என்று திலகாவின் கணவர் ரவி அதைப் பையோடு கலேவெலவுக்குக் கொண்டுபோயிருந்தார். அவருக்கு அங்கே ஒரு காய்கறிக் கடையில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். "சாவியும் அந்தப் பைக்குள்ளதான் இருக்கணும்" என்றாள் திலகா. எனக்கு உயிர் வந்தது.

சாயந்தரம் அம்மா மலையிலிருந்து இறங்கினார். கொழுந்துக் கூடையை இறக்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். ரொட்டி சுட்டுக் கொடுத்தார். தேங்காய் போட்ட கனத்த ரொட்டி, கூடவே கட்டைச் சம்பல். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடை வேல முடிச்சி வந்து விடிய விடிய அந்தப் பொட்டியத்தான் தட்டுவான் தம்பி. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா சிரிப்பான். சம்பளம் இல்லாம வேல செஞ்சவன் இந்தத் தோட்டத்துலயே எம் புள்ள ஒருத்தன்தான்."

நானும் இல்லாத சம்பளத்துக்குத்தான் அதைச் செய்தேன். ஆனால் என் வீட்டில் கூரை ஒழுகவில்லை.

"சாமி இல்லன்னு எங்கூட எந்நாளும் சண்ட. கோயில் பக்கமே வரமாட்டான்" என்றார் அம்மா. "ஆனா பாருங்க, ஆஸ்பத்திரியில சட்டையக் கழட்டுறப்பதான் பாத்தேன். கழுத்துல தாயத்து கட்டியிருந்தான். கறுப்புத் துணியில. எங்களுக்குத் தெரியாம கட்டியிருந்திருக்கான். சங்கிலி, கடிகாரம் எல்லாம் கழட்டிட்டாங்க. தாயத்துல கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டேன். அது அவனோட போகட்டும். அதுவும் இல்லேன்னா எனக்கு என்ன இருக்கு?"

நான் தலையசைத்தேன். மனசு முழுக்கக் கலேவெலவில் இருந்த பையில் இருந்தது.

அடுத்த நாள் கலேவெல. மலையிலிருந்து இறங்கியதும் யாரோ அடுப்பு மூடியைத் திறந்தது போலச் சூடு. வயல், தூசி, வாழைக்குலை லாரிகள். நம் உடுமலைச் சந்தையைத் தூக்கி வந்து சிங்களத்தில் பேச விட்டால் இப்படித்தான் இருக்கும். ஒரு வெங்காய மூட்டை என் காலில் விழுந்தது. போட்டவர் திட்டினாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியவில்லை. ரவி சிரித்துக்கொண்டே வந்தார்: "மூட்டைக்கு அடி பட்டிருச்சான்னு கேக்குறாரு அவரு. உங்க கால் குறுக்க வந்திருச்சாம்."

கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். மடிக்கணினி, சார்ஜர், ஒரு குடை. உள்பையில் நான் அனுப்பிய சாவியின் காலி உறை இருந்தது. அதோடு ஒரு துண்டுக் கறுப்புத் துணி, ஊசி, கறுப்பு நூல். வேறொன்றும் இல்லை. பையைக் கவிழ்த்து உதறினேன். ரவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதா ஒன்னு தானே? கறுப்புத் துணியில வச்சித் தைச்சி கழுத்துல போட்டிருப்பாரே. என்னாங்க மச்சான் இதுன்னு ஒரு நா கேட்டேன். எங்க வீட்டுல ஈரம் இல்லாத எடம் எந் நெஞ்சு மட்டும்தான்னு சொன்னாரு."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அம்மா தாயத்தை விடச் சொன்னபோது அவரும் பக்கத்தில் நின்றிருந்தாராம். பிறகு அவர் எழுந்து போய்த் திலகாவுக்குப் போன் செய்தார்.

எனக்கு வந்தது துக்கமில்லை, ஆத்திரம். யோகன் மேல், அந்த ஈரச் சுவர் மேல், பதினெட்டு முறை யோசித்து நகல் கூடாது என்று சட்டம் போட்ட எங்கள் புத்திசாலித்தனத்தின் மேல். திருடனுக்கும் மிரட்டுகிறவனுக்கும் வழி அடைத்தோம். எலிக்காய்ச்சலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ரவி சோறு வாங்கி வந்தார். பலாக்காய்க் கறி, பருப்பு, அப்பளம். நல்ல சாப்பாடு என்று நினைவிருக்கிறது, ருசி நினைவில்லை.

கடைசி நாள் மறுபடி எல்கடுவை. அன்று பேருந்து எங்கும் நிற்கவில்லை. நின்றிருந்தால் நன்றாயிருக்கும் என்று நான் நினைத்த ஒரே பயணம் அது. இறங்கும் இடத்தில் திலகா காத்திருந்தாள். லயத்துக்கு அழைத்துப் போகாமல் தேயிலைக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. மெதுவாகப் போகலாம் என்றால் கேட்கவில்லை.

செடி வரிசை முடியும் சரிவில் ஒரு மண்மேடு. மேலே காய்ந்த மாலையும் கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டியும். யோகனை முதன்முதலாகப் பார்க்க வந்த இடம் இதுதான். கும்பிடுவதா என்று தெரியாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மண்ணுக்குள்ள கெட்டிருக்குமாண்ணே?"

"கெடாது. தண்ணி போகாத சாமான்."

"எடுத்தா எல்லாம் சரியாயிருமா?"

"ஆயிடும். நம்பர் எங்கிட்ட இருக்கு."

"தோட்டத்துத் தலைவர்கிட்டப் பேசலாம். தோட்டத்த நடத்துற துரைகிட்ட அவரு சொல்லிக்குவாரு. அண்ணன் அதுக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டுச்சு. அம்மாகிட்ட நான் சொல்றேன், அது தாயத்து இல்ல, கம்ப்யூட்டர் சாமான்னு. அழுவாங்க. ஆனா எடுக்க விடுவாங்க. எடுக்கவா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. ஒரு முழம் ரெண்டு முழம் மண். அதற்கடியில் பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், எத்தனையோ வருஷத்து ராத்திரிகள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கேள்வியை எழுதியவனே காலடியில் படுத்திருக்கிறான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அம்மா வந்துவிட்டார். பக்கத்து மலையில்தான் அன்றைக்குக் கொழுந்து பறிப்பு. எங்களைப் பார்த்துவிட்டுக் கூடையோடு அப்படியே இறங்கியிருக்கிறார்.

மேட்டின் மேல் விழுந்திருந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, எங்கிட்ட சொல்லாதத எல்லாம் உங்ககிட்ட சொல்லியிருப்பான். அந்தத் தாயத்து எந்தக் கோயில்ல கட்டுனது? உங்களுக்குத் தெரியுமா?"

திலகா என்னைப் பார்த்தாள்.

"நான்தான் அனுப்பினேம்மா" என்றேன். "எங்க ஊர் மருதமலையிலருந்து. முருகன் கோயில்."

முதல் பாதி உண்மை. அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை, நான் விலகி நின்றுகொண்டேன். அழுதுகொண்டே சிரித்தார். முருகனா, முருகனா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"இவளுக்குப் பொறக்கப் போற புள்ளைக்கும் அதே மாதிரி ஒன்னு அனுப்புவீங்களா?"

அனுப்புகிறேன் என்றேன்.

திலகா பஸ் வரும்வரை கூட நின்றாள். பஸ் வந்ததும், "புள்ளைக்குத் தாயத்து அனுப்புறேன்னத சும்மா வாய்ல சொன்னதா விட்றாதீங்கண்ணே. அம்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள். சட்டைப்பைக்குள் ஒரு பொட்டலம் கருப்பட்டியைத் திணித்தாள்.

மாத்தளைப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அறிவிப்பை எழுதினேன். மாதக் கடைசிக்குப் பிறகு கங்காணி புதிதாக எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டான். எல்லாரும் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள். மாறும் வழி கீழே இருக்கிறது. சோதனையை மட்டும் தயவுசெய்து அணைக்காதீர்கள். காரணம் என்ற இடத்தில் சாவி தொலைந்துவிட்டது என்று எழுதினேன். அது பொய். அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று அழித்துவிட்டு, சாவி யோகனிடம் இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.

பிளேன்டி ஆறுவதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. யாரோ முன்பின் தெரியாதவர்.

"அப்படியென்றால் அவரிடமே கேட்டு வாங்க வேண்டியதுதானே?"